வரி எண் இருநூற்றுப் பதினான்கு

மேடைக்கு மேலே கறுப்புத் திரையில்
தமிழ் வரி ஓட்டுவது என் வேலை.
நடிகை ஆங்கிலத்தில் வாய் திறக்கும்போது
கணினியில் ஒரு தட்டு.
மொத்தம் அறுநூற்றுப் பன்னிரண்டு வரி.
ஒரு தட்டு பிந்தினால் சிரிப்பு பிந்தும்,
ஒரு தட்டு முந்தினால்
சாவு முந்திவிடும்.

வாட்டர்லூ ஸ்திரீட்டில் எழுபது நாற்காலி அறை.
பதினெட்டு நிரம்பியதா என்று வாசலில் பார்ப்போம்.
சுவரொட்டியின் அடியில் சிறு எழுத்தில்
'முதிர்ந்த உள்ளடக்கம்'.
உள்ளடக்கம் இதுதான்:
இரண்டு பெண்கள்,
முப்பத்தைந்து வயதாகட்டும் என்று காத்திருந்து
ஒருத்தி பெயரில் வாங்கிய ஈரறை வீவக வீடு,
அரிசி வாங்குவது யார் முறை என்று ஒரு சண்டை.

மொழிபெயர்த்த மாதம் முழுக்க
ஒரே சொல்லோடு மல்லுக்கட்டினேன்.
பார்ட்னர்.
'துணைவி' என்று போட்டேன்.
அரசியல்வாதியின் இரண்டாம் வீடு மாதிரி இருக்கு,
என்றாள் இயக்குநர் மெஹ்ருன்னிசா.
'தோழி'யில் பள்ளிக்கூட டிபன் வாசனை.
'இணையர்' மாநாட்டுத் தீர்மானம்.
'காதலி'யோ, பதினோரு வருஷம் கூடவே குப்பை கொட்டியவளை
இன்னும் பேருந்து நிறுத்தத்தில் நிற்கவைக்கிறது.
கடைசி ஒத்திகைக்கு முந்தைய இரவு
எல்லாவற்றையும் அழித்துவிட்டு
'அவங்க' என்று அடித்தேன்.
புருஷன் பெயரைச் சொல்லாத தெருவெல்லாம்
அந்த ஒரு சொல்லை வைத்துத்தானே
குடித்தனம் நடத்தியது.

சனிக்கிழமை, கடைசிக் காட்சி.
டிக்கெட் கிழிப்பதும் நான்தான்,
சின்னக் குழுவில் எல்லோருக்கும் இரண்டு வேலை.
ஈப்போவிலிருந்து பேருந்தில் வந்தவள்
தனியாக நின்றாள், கையில் இரண்டு கடப்பிதழ்.
உட்லண்ட்ஸில் மூன்று மணி நேரம் வரிசையாம்.
காலையில் தின்ற நாசி லெமாக்கோடு சரியாம்.
"இன்னொருத்தர்?" என்றேன்.
"அவங்க பாத்ரூம் போயிருக்காங்க."

டிக்கெட்டைக் கோணலாகக் கிழித்துவிட்டேன்.

இருநூற்றுப் பதினான்கு.
சண்டை முடிந்து விளக்கு மங்கும் இடம்.
ஹேமப்பிரியா பேசவேண்டும்.
நான் தட்டிவிட்டேன்,
வரி மேலே வந்துவிட்டது,
அவள் வாயில் ஒன்றும் வரவில்லை.
ஷெரில் காலி அரிசி டப்பாவைத் திறந்தாள், மூடினாள்,
மறுபடி திறந்தாள்.
ஏசி ஓடுகிற சத்தம்.

மூன்றாம் வரிசையிலிருந்து,
ரயிலில் போகிறவர் ஊர்ப்பெயர்ப் பலகையைப் படிப்பதுபோல,
தான் வாய்விட்டுப் படிப்பதே தெரியாமல் ஒரு குரல்:
"அரிசி நான் வாங்கிட்டு வர்றேன். நீ படு."

பாத்ரூம் போயிருந்த அவங்க.

ஹேமா திரும்பிப் பார்க்கவில்லை.
அப்படியே எடுத்துக்கொண்டாள்.
"அரிசி நான் வாங்கிட்டு வர்றேன்,
நீ படு."
தமிழிலேயே.
ஒரு சொல்கூடத் தெரியாத ஷெரில்
சரியாகப் போய்ப் படுத்தாள்.
அந்த ஒரு வரிக்கு மட்டும்
அறையில் பாதிப் பேருக்கு எழுத்துத் துணை இல்லை.
யாரும் கேட்கவுமில்லை.
மூன்றாம் வரிசையில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொள்ள,
பக்கத்தில் தோள்கள் குலுங்கின.
சிரிப்பா இன்னொன்றா,
என் மேசையிலிருந்து தெரியவில்லை.

முடிந்தபின் வெளியே வந்து கேட்டார்கள்,
இது ஈப்போவுக்கு வருமா?
பெர்மிட், என்று இழுத்தேன்.
"அப்ப நாங்களே வர்றோம்,
அடுத்து எப்ப போடுறீங்க?"
தெரியாது. மானியம் வந்தால்.
பரோட்டாக் கடைக்கு வழி சொன்னேன்,
தே ஹாலியா நன்றாயிருக்கும், இடதுபக்கம் திரும்புங்கள்.

பெட்டி கட்டி இறங்கியபோது
முனைச் சிக்னலில் இன்னும் நின்றிருந்தார்கள்.
பச்சை மனிதன் வந்து, மினுக்கி, போய்விட்டான்.
ஒருத்தி கை இந்தப் பக்கம் காட்டுகிறது,
மற்றவள் கை அந்தப் பக்கம்.
நடுவில் ஒரு பை,
ஆளுக்கொரு காது பிடித்தபடி.
இடதுபக்கம் என்று கத்தலாமா என்று பார்த்தேன்.

கத்தவில்லை.
அது அவங்க சண்டை.